கடலைக் காட்டுக்குத் தைத்த புலி

பொம்மை தைப்பது சாதுவான வேலை என்று நினைப்பவர்கள் ஒருநாள் என் வீட்டில் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஃபர் துணியைக் குப்புறப் போட்டு, முடி அறுபடாமல் அடித்துணியை மட்டும் பிளேடு நுனியால் கீறிப் பிரிக்க வேண்டும். உள்பக்கம் வெளியே இருக்கும்படி தைத்துவிட்டு, விட்டுவைத்த ஓட்டையில் கையை நுழைத்து, ஆட்டுக்குத் தோல் உரிக்கிற மாதிரி வெடுக்கென்று புரட்ட வேண்டும். கால்களுக்குள் பஞ்சை மத்துக் காம்பால் குத்திக் குத்தி இறக்க வேண்டும். கழுத்தில் நைலான் நூலைச் சுற்றி, விரலில் ரத்தம் கட்டுகிற அளவுக்கு இழுத்து நெரித்தால்தான் தலை நிமிர்ந்து நிற்கும். பாவம் பார்த்து இழுத்தால் நாலு நாளில் தலை தொங்கிவிடும். எனக்குப் பாவம் பார்க்க வராது. என் பொம்மைகளுக்குத் தலை தொங்கினதாக இன்றுவரை ஒரு புகாரும் இல்லை.

கோபம் எனக்குப் பிறவியிலேயே கொஞ்சம் தூக்கல். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவள் ஒருத்தியின் பல்லை உடைத்திருக்கிறேன். கல்யாணமாகி உத்திரமேரூர் பக்கம் இந்த ஊருக்கு வந்தபோது, என்னைக் கட்டிக் கொடுத்த சித்தப்பா மாப்பிள்ளையைத் தனியாக அழைத்துப்போய் ஜாக்கிரதை என்று சொன்னாராம். வீட்டுக்காரர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவர் அடிக்கிற ஆளும் இல்லை, அடிவாங்குகிற ஆளும் இல்லை. நான் கத்தினால் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருவார். அந்த மாடும் எங்களுடையது இல்லை.

எங்கள் வீடு ஏரிக்கு அந்தப் பக்கம் காலனியில். வீட்டுக்காரர் ஊருக்குள் ஒருவரிடம் நிலத்து வேலை பார்த்தார். அவருடைய அப்பாவும் அதே நிலத்தில்தான் வேலை பார்த்துச் செத்தார். அந்த நிலத்துக்குச் சொந்தக்காரரை நிலக்காரர் என்றே சொல்கிறேன், அது போதும். எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர், என் மாமியார், என் மிஷின். மிஷின் மகளிர் குழுவில் பயிற்சி எடுத்தபோது வந்தது. கால்மிதியைக் கழற்றிவிட்டு மோட்டார் மாட்டியிருந்தேன். முதலில் கரடி, முயல், யானை தைத்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிக்கொண்டு தூசி படிய விட்டார்கள். கரடிக்கெல்லாம் எங்கள் பக்கம் யார் மயங்குகிறார்கள்.

புலிக்கு மயங்க வைத்தது குரங்கு.

எங்கிருந்தோ பிடித்து, வேனில் கொண்டுவந்து ஏரிக்கரையில் திறந்துவிட்டுப் போனார்கள் என்று சொல்வார்கள். யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஒரு வருஷத்துக்குள் நாற்பது ஐம்பது குரங்கு ஆகிவிட்டது. வேர்க்கடலைச் செடியைக் காய் பிடிக்கும் முன்னாலேயே பிடுங்கிப் பார்த்துவிட்டுப் போட்டுவிடும். தின்றாலாவது மனசு ஆறும். பிடுங்கிப் பார்த்துப் போடுவதற்கென்றே ஒரு ஜன்மம். என் மாமியார் கையிலிருந்த பிஸ்கட்டுக்காக ஒன்று பாய்ந்து, மணிக்கட்டில் எலும்பு தெரியக் கடித்தது. ஊசி போட்டுக்கொண்டு வந்து, அதே கையை எடுத்துக் குரங்கு இருந்த திசைக்குக் கும்பிட்டார். ஆஞ்சநேயராம். ஊர்க்காரர்களும் அப்படித்தான். உண்டிவில் அடிப்பார்கள், வெடி போடுவார்கள், ஆனால் ஒன்றையும் கொல்லமாட்டார்கள். கொன்றால் குலம் விளங்காது என்று பயம்.

நிலக்காரர் ஒருநாள் வாசலில் வந்து நின்று, கர்நாடகாவில் எவனோ தோட்டத்தில் புலி பொம்மை வைத்திருக்கிற வீடியோவை போனில் காட்டினார். காட்டிவிட்டு, என் கரடியைப் பார்த்து, இதையே கொஞ்சம் மூஞ்சை மாற்றித் தர முடியாதா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. கரடிக்கு மூஞ்சை மாற்றினால் புலி ஆகாது, முழுசாகத்தான் தைக்க வேண்டும், ஒரு வாரம் ஆகும் என்று சொன்னேன்.

அந்த ஒரு வாரம்தான் என் வாழ்க்கையிலேயே நான் முழுமனசோடு தைத்த வாரம். மஞ்சள் ஃபர் துணி எட்டு மீட்டர். கறுப்புப் பட்டைகளை பெயின்ட் அடிக்காமல் துணியிலேயே வெட்டி வைத்துத் தைத்தேன், பெயின்ட் மழையில் ஒழுகும். வயிற்றுக்கு வைக்கோல், தோளுக்கும் தொடைக்கும் வெட்டுத்துணி, முகத்துக்கு மட்டும் பஞ்சு. கண்ணுக்கு சைக்கிள் பின்னால் இருக்கிற சிவப்பு ரிஃப்ளெக்டர். பல்லுக்கு ஒரு வெள்ளை பிளாஸ்டிக் வாளியை வெட்டினேன். வாயை எவ்வளவு திறப்பது என்று தெரியாமல், கண்ணாடி முன்னால் நின்று நானே கத்திப் பார்த்து அளவு எடுத்தேன். மாமியார் உள்ளே வந்து, நான் கண்ணாடியைப் பார்த்து உறுமுவதைக் கண்டு, சத்தம் போடாமல் வெளியே போய்விட்டார். உறுப்புகளை இணைக்கிற வேலை முழுக்க, சாக்குத் தைக்கிற கோணி ஊசியில். கால் ஒவ்வொன்றையும் உடம்போடு வைத்துக் குத்தி இழுக்கும்போது எனக்கு யார் யார் மேலோ இருந்த கோபமெல்லாம் அந்தத் தையலில் இறங்கியது. புலி கெட்ட மூஞ்சியோடு பிறந்தது. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

புலியை நிலக்காரரின் கடலைக் காட்டில் நிறுத்திய முதல் நாள் குரங்குகள் அலறிக்கொண்டு புளியமரத்துக்கு ஓடின. களை எடுக்க வந்த பெண்களும் ஓடினார்கள். ஒருத்தி வரப்பில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு என்னை வாய்க்கு வந்தபடி திட்டினாள். மூன்று நாள் காட்டில் ஒரு குரங்கு இல்லை. நாலாம் நாள் ஒரு கடுவன் குரங்கு வந்து தூரத்தில் உட்கார்ந்து புலியையே பார்த்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் பக்கத்தில் வந்து ஒரு அறை விட்டது. புலி திருப்பி அடிக்கவில்லை என்று தெரிந்ததும் மொத்தக் கூட்டமும் இறங்கியது. நான் வரப்பில் நின்று பார்த்தேன். காதைப் பிய்த்தன, வாலைப் பிடுங்கின, வயிற்றைக் கிழித்து வைக்கோலை வாரி இறைத்தன. ஒன்று ரிஃப்ளெக்டர் கண்ணைக் கடித்துத் துப்பியது. கல்லை எடுத்துக்கொண்டு ஓடினேன், வீட்டுக்காரர் இடுப்பைப் பிடித்து நிறுத்தினார். ஒரு பொம்மையைக் கிழித்ததற்கு எனக்கு அப்படி அழுகை வருமென்று நினைக்கவில்லை.

அதிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்ட வழி இதுதான். புலி ஒரே இடத்தில் நிற்கக்கூடாது. தினமும் விடிவதற்குள் இடம் மாற்ற வேண்டும். ஒருநாள் கிணற்று மேட்டில், மறுநாள் வேலி ஓரம், ஒருநாள் படுத்தபடி, ஒருநாள் பாதி உடம்பு புதரில். குரங்கு எழுந்திருக்கும் முன் மாற்றிவிட்டால் ஒரு பருவம் முழுக்க ஏமாறும். நிலக்காரருக்குத் தினமும் காலையில் எழுந்து புலியைச் சுமக்க உடம்பு வளையவில்லை. வீட்டுக்காரர் அதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். மற்றவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். ஆறு புலி தைத்தேன். காலனியிலிருந்தே இரண்டு பெண்கள் பஞ்சு அடைக்க வந்தார்கள். விடியற்காலையில் வீட்டுக்காரர் ஆறு காட்டிலும் ஆறு புலியைச் சுமந்து நடப்பார். கிழிந்ததைத் தைக்க சில நாள் நானும் கூடப் போவேன். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த ஒரே வேலை அது.

தை மாசம். பனி புல்லின் மேல் தண்ணீராக நின்றது. நிலக்காரர் காட்டில் புலியின் வால் அறுந்து தொங்குகிறது என்று வீட்டுக்காரர் முந்தின நாள் சொன்னதால் நானும் கோணி ஊசியோடு போயிருந்தேன். பன்றி வருகிறதென்று நிலக்காரர் தன் காட்டைச் சுற்றி முட்டி உயரத்துக்குப் புதிதாகக் கட்டுக்கம்பி இழுத்து, மோட்டார் கொட்டகையிலிருந்து கரண்ட் கொடுத்திருந்தார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரவு அவர் சுவிட்சைப் போட்டபோது கரண்ட் இல்லை, மும்முனை கரண்ட் எங்களுக்கு முறை வைத்துத்தான் வரும். அப்படியே போட்டுவிட்டுக் கொட்டகை ஓரம் கட்டிலில் தூங்கிவிட்டார். விடியற்காலை கரண்ட் வந்தது. அவர் எழவில்லை.

புலி கம்பிக்கு உள்பக்கம் சாய்ந்து கிடந்தது. வீட்டுக்காரர் குனிந்து அதைத் தூக்கக் கையை நீட்டினார். ஒரு சத்தம் கேட்டது, ஈரத்துணியைக் கல்லில் அறைகிற சத்தம். அவருடைய வலது கை கம்பியை இறுகப் பிடித்திருந்தது. விடச்சொல்லிக் கத்தினேன். அவர் விடவில்லை. அவர் பிடிக்கவில்லை, அதுதான் அவரைப் பிடித்திருந்தது. உடம்பு முழுக்க உதறியது. கண் என்னைப் பார்த்தபடி திறந்திருந்தது. நான் கொட்டகைக்கு ஓடி மெயின் லீவரைக் கீழே இழுத்தேன். திரும்பி வந்தபோது அவர் புலியின் மேல் கவிழ்ந்து கிடந்தார். முழங்கைக்குக் கீழே கை கறுத்து, விரல் மடங்கி, விறகு மாதிரி இருந்தது. புலியின் வயிற்றில் ஃபர் உருகி, கம்பி தொட்ட இடத்தில் ஒரு கோடு கறுப்பாக ஓடியது. மூச்சு இருந்தது.

நிலக்காரர் எழுந்து வந்தார். வந்து என் வீட்டுக்காரரைப் பார்க்கவில்லை, கம்பியைப் பார்த்தார். உட்கார்ந்து அதைச் சுருட்ட ஆரம்பித்தார். என் கையில் இன்னும் கோணி ஊசி இருந்தது. அவர் தோளில் குத்தினேன். உருவி இன்னொரு முறை குத்தினேன். அவர் கத்தவில்லை. கத்தினால் பக்கத்துக் காட்டுக்காரன் வருவான். பல்லைக் கடித்துக்கொண்டு, குத்தினது போதும், தூக்கு, கார் எடுத்து வருகிறேன் என்றார். அதைச் செய்தார், அதை மறைக்கமாட்டேன். அவர் கார் இல்லையென்றால் உயிர் தங்கியிருக்காது.

பின்சீட்டில் வீட்டுக்காரரின் தலை என் மடியில். கருகிய வாடை கார் முழுக்க. நிலக்காரர் சட்டைத் தோளில் ரத்தம் பரவிக்கொண்டிருந்தது. அவர் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிச் சொன்னார்.

"ந்தா பொண்ணு, கேட்டுக்க. கம்பியில அடிச்சதுன்னு சொன்னா போலீஸ் வந்தப்பறம்தான் கைய தொடுவாங்கோ. உன் மிஷின் மோட்டார்ல ஷாக் அடிச்சுதுன்னு சொல்லு. மொதல்ல உசுரு."

போலீஸ் வரும்வரை காக்க வைப்பார்கள் என்பது பொய் என்று பின்னால் ஒரு நர்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அப்போது தெரியாது. சீட்டு எழுதுகிறவர் எப்படி ஆச்சு என்று கேட்டார். தையல் மிஷின் என்றேன். அவர் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார், மிஷினில் இவ்வளவு கருகுமா என்கிற பார்வை. மோட்டார் வைத்த மிஷின் என்று நானே எடுத்துக் கொடுத்தேன். எழுதிக்கொண்டார். மூன்றாம் நாள் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே கையை எடுத்துவிட்டார்கள்.

சொன்ன பொய் எங்களுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. நாங்கள் ஊர் திரும்பியபோது என் மாமியார் அம்மிக் குழவியை இரண்டு கையாலும் தூக்கி வைத்துக்கொண்டு மிஷின் முன்னால் நின்றிருந்தார். அதில் ஒன்று குரங்கு கடித்த தழும்பு உள்ள கை.

"எம் புள்ள கைய துன்னுட்டு இன்னும் இங்க உக்காந்துகினு கீதா இது?"

குழவி மிஷின் தலையில் இறங்கியது. இரும்பு பிளந்தது. மறுபடி தூக்கிப் போட்டார். மோட்டார் தெறித்துச் சுவரில் அடித்தது. நான் பாய்ந்து அவர் முடியைப் பிடித்து இழுத்தேன், அவர் என் முகத்தைப் பிராண்டினார், இரண்டு பேரும் பஞ்சு மூட்டையின் மேல் விழுந்து புரண்டோம். என் வாயில் அந்த வார்த்தை வந்துவிட்டது. மிஷின் இல்லை அத்தே, கம்பி என்று சொல்லத் தலையைத் தூக்கினேன். கட்டிலில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. நான் முடியை விட்டுவிட்டேன். மாமியார் மூச்சு வாங்க எழுந்து, மூன்றாம் தடவையும் போட்டார்.

அன்று ராத்திரியே வீட்டுக்காரர் விஷயத்தைச் சொன்னார். நிலக்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தாராம், சாகும்வரை தன் களத்தில் காவல் வேலை என்று வாக்குக் கொடுத்தாராம். ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு வேறு எவன் வேலை கொடுப்பான் என்று கேட்டார். நான் போலீசுக்குப் போகலாம் என்றேன். எதைக் காட்டுவாய் என்றார். கம்பியை அன்றைக்கே சுருட்டியாயிற்று. கருகின கோடு உள்ள புலியை நிலக்காரர் அன்று மத்தியானமே கொளுத்திவிட்டதாகக் களை எடுக்கிற பெண்கள் சொன்னார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் மிஷின் என்று இருக்கிறது, சொன்னது நான். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. முட்டிக்கொண்டேன்.

பொய் அதோடு நிற்கவில்லை, வளர்ந்தது. பஞ்சு அடைக்க வந்த இரண்டு பெண்களும் வரவில்லை. மகளிர் குழுவில் மோட்டார் மிஷின் வைத்திருந்தவர்கள் மோட்டாரைக் கழற்றினார்கள். புலி அம்மன் வாகனம், அதைத் துணியில் தைத்துக் காட்டில் போட்டு மிதிக்க விட்டாள், அம்மன் அவள் புருஷன் கையைக் கேட்டுவிட்டாள் என்று ஒரு கதை கிளம்பியது. மற்ற ஐந்து புலியையும் அவரவர் குப்பைமேட்டில் போட்டுவிட்டார்கள். நான் கையால் சின்னச் சின்னப் பொம்மைகள் தைத்துப் பார்த்தேன். என் வீட்டு பொம்மையைப் பிள்ளைகளுக்கு வாங்கித் தர ஒருவரும் தயாரில்லை. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் என் கையிலிருந்த பொம்மைப் பையைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றுகொண்டாள்.

எனக்கு அப்போது வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. கம்பிதான் கையைத் தின்றது என்று இந்த ஊர் ஒரு தடவை வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அது நடந்தால் நான் மறுபடி ஒரு மிஷினுக்கு முன்னால் உட்காரலாம். நடக்காவிட்டால் புருஷன் கையைத் தின்றவள் என்றே நான் கிடந்து சாக வேண்டும்.

அடுத்த பருவத்துக்குக் கடலை போட்டதும் நிலக்காரர் மறுபடி கம்பி இழுத்தார். இப்போது புலியும் இல்லை, பன்றியோடு குரங்குக்கும் சேர்த்து. களத்துக்குக் காவல் இருந்த வீட்டுக்காரர்தான் சாயங்காலம் சுவிட்சைப் போட்டு, காலையில் அணைக்க வேண்டும். அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. நான் போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இருக்கிற ஒரு கையால் அவர் அந்த லீவரைத் தூக்குவதை வரப்பில் நின்று பார்த்தேன். அன்று அவரோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை கம்பியில் ஒரு கடுவன் செத்துத் தொங்கியது.

ஊரே கூடியது. இந்தக் கம்பி யார் போட்டது, எத்தனை நாளாகப் போகிறது, எவ்வளவு கரண்ட் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கம்பி என்ன செய்யும் என்று எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது. குரங்கின் உள்ளங்கையை விரித்து, கருகின கோட்டை ஒருவருக்கொருவர் காட்டினார்கள். நாற்காலி கொண்டுவந்து குரங்கை உட்கார வைத்துக் கட்டினார்கள். காவி வேட்டி, சந்தனம், குங்குமம், துளசி மாலை. காலனியிலிருந்து மேளம் அடிக்கிறவர்களை வரச் சொன்னார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து நிஜமாகவே மாரடித்து அழுதார்கள். என் மாமியார் தள்ளி நின்று அழுதார், கடி வாங்கின கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

நிலக்காரரை வீட்டிலிருந்து இழுத்து வந்தார்கள். முன்னால் நின்று இழுத்தது அவருடைய பங்காளிகள். அவர்களுக்குள் வரப்புத் தகராறு பத்து வருஷமாக இருக்கிறது, குரங்கு நல்ல சாக்கு. ஒருவன் அறைந்ததில் வாய் கிழிந்தது. இன்னொருவன் வயிற்றில் உதைத்தான். அவரைக் குரங்கின் காலடியில் தள்ளி, மூக்கைத் தரையில் தேய்க்க வைத்தார்கள். மோட்டார் கொட்டகைக்கு ஓடின கூட்டம் சுவிட்ச் பலகையைக் கடப்பாரையால் பெயர்த்தது. ஏரிக்கரையில் குரங்குக்கு ஒரு கோயில் கட்டித் தருவதாகவும் பதினாறாம் நாள் சாப்பாடு போடுவதாகவும் அவர் ரத்தத்தைத் துப்பிக்கொண்டே ஒத்துக்கொண்டார். ஒவ்வொரு அடி விழும்போதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னும் இரண்டு விழட்டும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அது போதவில்லை.

மேளம் ஓய்ந்து குரங்கின் நாற்காலிப் பாடையைத் தூக்கப்போன நேரம். எங்கள் ஆட்கள் நிற்கிற இடத்திலிருந்து நான் நடந்து போய் நடுவில் நின்றேன். அந்த இடத்தில் காலனிப் பெண் யாரும் அதற்கு முன் நின்றதில்லை. சொல்லிவிட்டேன். இதே கம்பிதான் போன வருஷம் என் புருஷன் கையையும் எரித்தது, மிஷின் இல்லை, நான் கூடவே இருந்தேன், இவர் சொல்லச் சொன்னதால் ஆஸ்பத்திரியில் பொய் சொன்னேன் என்று. நிலக்காரர் தரையில் உட்கார்ந்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார். மறுக்கவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை.

ஊர்ப் பெரியவர் ஒருவர், அதெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று முதலில் தட்டிவிடப் பார்த்தார். நான் நகரவில்லை. சரி, கை போனவன் இங்கேதானே இருக்கிறான், அவனே சொல்லட்டும், அவன் கம்பி என்று சொன்னால் இந்த ஆளை இப்போதே ஸ்டேஷனுக்கு அனுப்புவோம் என்றார். கூட்டம் விலகி வழி விட்டது. வீட்டுக்காரர் கடைசியில் நின்றிருந்தார். நடந்து வந்தார். மடித்துத் தைத்த சட்டைக் கை காற்றில் ஆடியது, அதைத் தைத்துக் கொடுத்தது நான்தான். நிலக்காரரின் கிழிந்த வாயைப் பார்த்தார். மாலை போட்ட குரங்கைப் பார்த்தார். அதற்கு அழுதுகொண்டிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை.

"மிஷின்தான்" என்றார்.

அறைந்தேன். அவர் முகம் திரும்பியது, திரும்பின பக்கமும் அறைந்தேன். மார்பில் குத்தினேன், மடித்துத் தைத்த சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக் கிழித்தேன், உள்ளே ஆறியும் ஆறாமலும் இருந்த தழும்பு வெளியே தெரிந்தது. நிலக்காரரை உதைத்துக்கொண்டிருந்தவர்களே ஓடி வந்து என்னைப் பிடித்தார்கள். புருஷனைப் போட்டு அடிக்கிறாளே, இவளெல்லாம் பொம்பளையா என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. அவருக்கு இடது கை நன்றாகத்தான் இருந்தது. அதை உயர்த்தித் தடுக்கவில்லை. என் பக்கம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"என் கை போன அன்னிக்கு எவன் வந்தான்? இன்னிக்கும் குரங்குக்குத்தான் வந்துகிறானுங்கோ. இவனுங்க கையில போய் என்னைக் குடுக்கச் சொல்றியா?"

மேளம் மறுபடி ஆரம்பித்தது. குரங்கைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் ஏரிக்கரைப் பக்கம் நகர்ந்தார்கள், என்னைப் பிடித்திருந்தவர்களும் விட்டுவிட்டு அதன் பின்னால் போனார்கள். நிலக்காரரை எழுப்பிக் கூடவே நடத்திப் போனார்கள். அவர் இடத்தில் ரத்தமும் துளசியும் கிடந்தது. நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். இன்னும் ஒரு அடி கொடுக்க என் கை தவித்தது. யாரை அடிப்பது என்றுதான் தெரியவில்லை. இவர் இன்று சொன்ன பொய்யை, ஆஸ்பத்திரியில் முதலில் சொன்ன வாய் என்னுடையது.